நல்லது என்ற கோப்பு

தங்கை கடைக்குள் நுழைந்தபோது அக்கா பூதக்கண்ணாடி விளக்கின் கீழே குனிந்து, ஒரு கம்ப்யூட்டர் போர்டிலிருந்து அரிசி மணியைவிடச் சிறிய பாகம் ஒன்றைச் சூடுகாற்றால் எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நிமிரக்கூடாது. கை ஒரு நூல் விலகினாலும் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து பறந்துவிடும்.

"அக்கா."

"இரு, ஒரு நிமிஷம்."

"தடை பண்ணிட்டாங்க."

அக்கா நிமிர்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்ததும் பறந்துவிட்டது.

தங்கை தன் கம்ப்யூட்டர் பெட்டியை இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றாள். பாதிப் பின்னல் பின்னியபடியே விட்டிருந்தது. கால்களில் இரண்டு வேறு செருப்பு. அதை அவளே இன்னும் பார்க்கவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

"யாரை?"

"என்னைத்தான். என்னை, என் மிஷினை, எல்லாத்தையும்."

அன்று மாலை நாலு மணிக்குத் தங்கையின் அணி விளையாட வேண்டும். ஐந்து பேர் அணி. துப்பாக்கிச் சண்டை விளையாட்டு. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் பெரிய போட்டிக்கு இடம் உறுதி. தோற்றால் அடுத்த வருஷம்தான். அணியில் அவளுக்கு ஊசி என்று பெயர். குறி வைத்தால் தப்பாது. மூன்றரைக்குள் ஐந்து பெயரும் உள்ளே வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்று ஆளை இறக்குவார்கள். இப்போது பதினொன்றே கால்.

பெட்டியை மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்தார்கள். விளையாட்டைத் திறந்ததும் சிவப்புக் கட்டத்தில் ஒரு வரி வந்தது. இந்தக் கருவி நிரந்தரமாகத் தடைசெய்யப்பட்டுள்ளது.

அது என்ன என்று அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விளையாட்டில் ஏமாற்றுகிறவனின் கணக்கை மூடினால் அவன் அடுத்த நிமிஷம் வேறு பெயரில் வந்து நிற்பான். அதனால் நிறுவனங்கள் ஆளை விட்டுவிட்டு மிஷினைப் பிடிக்கின்றன. விளையாட்டோடு சேர்ந்து ஒரு காவல் நிரலும் உள்ளே போகும். போர்டுக்குள் எழுதப்பட்டிருக்கும் எண்ணைப் படித்து வைத்துக்கொள்ளும். அந்த எண் ஒருமுறை கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டால், அந்த மிஷினுக்கு முன்னால் யார் உட்கார்ந்தாலும், எந்தப் பெயரில் வந்தாலும், கதவு சாத்தியதுதான். வந்தவரின் கணக்கும் கூடவே பூட்டிக்கொள்ளும்.

எல்லாம் தெரிந்திருந்தும் அக்காவின் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "உண்மையைச் சொல்லு. ஏமாத்தற சாஃப்ட்வேர் ஏதாவது போட்டியா?"

தங்கை அவளைப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பார்க்க மட்டும் செய்தாள்.

"அணியில நாலு பேரும் இதையேதான் கேட்டாங்க," என்றாள். "நீ அஞ்சாவது ஆள்."

அக்கா ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டாள். சந்தேகம் எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளை உறுத்தியது. கதவருகிலேயே காத்து நின்றதுபோல் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் தங்கை ஒரு கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதினாள். ஒரே ஒரு தடவை. பத்து வருஷமாக அதை யாரும் பேசியதில்லை. ஆனால் அக்கா அதை எங்கேயோ எடுத்து வைத்திருந்திருக்கிறாள். வேண்டும்போது கைக்கு எட்டுகிற இடத்தில்.

"எப்ப வந்தது இது?"

"இன்னிக்கு காலைல. நேத்து மதியம் நீ போர்டைச் சரி பண்ணிக் கொடுத்தப்புறம் இன்னிக்குத்தான் திறந்தேன். உள்ளே போகவே விடல."

அக்காவின் கை நின்றது.

இரண்டு நாள் முன்பு தங்கை போர்டின் அடிப்படை நிரலைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போனது. போர்டு கட்டைபோல் ஆகிவிட்டது. அந்த நிரல் இருக்கும் சிப்பைக் கழற்றி, மறுபடி எழுதி, பொருத்திக் கொடுத்தவள் அக்காதான். இந்த வட்டாரத்தில் அந்த வேலையை அவள் அளவுக்கு யாரும் செய்ய மாட்டார்கள். போர்டு அக்கா என்றுதான் அவளைச் சொல்வார்கள்.

அவள் மிஷினைத் திறந்து, போர்டு தன்னுடைய எண்ணாக எதைச் சொல்கிறது என்று திரையில் வரவழைத்தாள். பதினைந்து எழுத்து. கடைசி நாலு 4417.

பிறகு கைவிளக்கை எடுத்து, போர்டின் ஓரத்தில் தொழிற்சாலை ஒட்டிய சீட்டைப் பார்த்தாள். கடைசி நாலு 9052.

அந்த 4417 அவளுக்குப் பழக்கமான எண். மூன்று வருஷமாகப் பழக்கம்.

சிப் எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. பழைய சிப்பில் இருப்பதை முதலில் படித்து வைக்க வேண்டும். புதிதாக எழுதும்போது அந்தப் போர்டின் சொந்த எண்ணை அதிலிருந்து எடுத்துப் பதிக்க வேண்டும். சிப் முழுக்க அழிந்திருந்தால் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கையால் பதிக்க வேண்டும். கால் மணி நேர வேலை. மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நல்ல போர்டிலிருந்து அக்கா ஒரு பிரதி எடுத்தாள். அந்தக் கோப்புக்கு நல்லது என்று பெயர் வைத்தாள். அதே மாதிரிப் போர்டு அழிந்துபோய் வரும்போதெல்லாம் அந்தக் கோப்பையே அப்படியே எழுதிவிடுவாள். மிஷின் உயிர் பெறும். வந்தவர்கள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். எண்ணை யார் பார்க்கப் போகிறார்கள்?

"என்னக்கா? ஏன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற?"

சொல்லாமல் இருக்க முடியும் என்று அக்காவுக்குத் தோன்றியது. அதுதான் பயங்கரம். கால் மணி நேரம் போதும். சிப்பைக் கழற்றி 9052ஐப் பதித்துவிட்டு, 'என்னமோ கோளாறு, இப்ப சரியாயிடுச்சு' என்று சொல்லிவிடலாம். ஒரு நொடி அந்த எண்ணத்தில் அவள் சுகமாகக்கூட இருந்தாள்.

"என் தப்பு," என்றாள். சொல்லி முடிக்கும்வரை தங்கையின் வேறு வேறு செருப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தங்கை கேட்டாள். முதலில் அவள் முகத்தில் வந்தது நிம்மதி. பிறகுதான் மற்றதெல்லாம்.

"அப்ப உன்கிட்ட வந்த ஏதோ ஒரு மகராசன் ஏமாத்தி மாட்டியிருக்கான். அவன் எண்ணும் என் எண்ணும் ஒண்ணு."

"ஆமா. இப்பவே உன் சொந்த எண்ணைப் போட்டுடறேன். கால் மணி நேரம்."

"தொடாதே!" கடை அதிர்ந்தது. "கணக்கும் பூட்டிக் கெடக்குக்கா. இப்ப எண்ணை மாத்தினா என்ன ஆகும்? தடை விழுந்ததும் எண்ணை மாத்திட்டு வந்தவன்னு எழுதிக்குவாங்க. ஏமாத்தறவன் முதல்ல பண்றதே அதைத்தான். இதுவரைக்கும் நான் ஒண்ணும் பண்ணல. அதையாவது எனக்கு விட்டு வை."

அணி மேனேஜரைத் தொலைபேசியில் பிடித்தார்கள். அவர் நிதானமான மனிதர். இன்று நிதானம் இல்லை.

"ஊசியை எனக்குத் தெரியும், சரி. ஆனா போட்டி நடத்தறவங்களுக்கு என் வாய்வார்த்தை போதாதும்மா. ஒரே எண்ணு ரெண்டு போர்டுல இருக்குங்கறீங்க. ரெண்டையும் காட்டுங்க. சீட்டு ஒரு படம், திரை ஒரு படம், ரெண்டு மிஷினுக்கும். கூட, நீங்க பண்ணதை எழுத்துல கொடுங்க. ரெண்டு மணிக்குள்ள வந்தா நான் மேலே பேசிப் பாக்கறேன்."

"எழுத்துலயா?"

"எழுத்துலதான். கடைப் பேரோட."

அக்கா பழுதுப் பதிவு நோட்டை எடுத்தாள். அந்தக் கோப்பை எழுதிய ஒவ்வொரு நாளும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. செய்வது சரியில்லை என்று கைக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மொத்தம் பதினோரு புள்ளி. தங்கையை விட்டால் பத்து. அதில் ஒன்பது அலுவலகங்களும் வயதானவர்களும். விளையாடுவதற்கென்று மிஷின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்.

"பல் டாக்டரா?" என்று எட்டிப் பார்த்த தங்கை கேட்டாள். "நம்ம அப்பாவுக்குப் பல் கட்டினவரா?"

டாக்டர் நாலாவது மணியில் எடுத்தார்.

"சொல்லும்மா. வாயை நல்லாத் திறங்க. உன்னைச் சொல்லலம்மா, இங்க ஒருத்தர் படுத்திருக்கார்."

"டாக்டர், உங்க மிஷின்ல விளையாட்டு எதாவது தடையாச்சா?"

அந்தப் பக்கம் துளைக்கிற சத்தம் நின்றது. ஒரு கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல டாக்டர்."

"ரெண்டே நாள்தாம்மா அந்த ஏமாத்து சாஃப்ட்வேரைப் போட்டேன்." ஐம்பத்தெட்டு வயது மனிதரின் குரல் பையன் குரல்போல் இறங்கிவிட்டது. "சுவருக்கு அந்தப் பக்கம் யாரு நிக்கறான்னு காட்டும். அவ்வளவுதான். இந்தப் பொடிப்பசங்க என்னைச் சுட்டுட்டு, தாத்தா போய்த் தூங்குன்னு சொல்லுவானுங்க. ஒருநாளாவது நான் சொல்லணும்னு இருந்தது. மூணாம் நாளே பூட்டிட்டாங்க. வீட்ல கேட்டதுக்கு மிஷின் ரிப்பேர்னு சொல்லி வச்சிருக்கேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். அவருடைய போர்டின் படம் வேண்டும். அதை அனுப்பினால், மாட்டியது அவர்தான் என்பதும் அதோடு சேர்ந்து போகும்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"என் பேரு வெளிய வருமா?"

வராது என்று சொல்ல நாக்கு துடித்தது. இன்று ஒரு பொய்யை ஏற்கெனவே விழுங்கியாகிவிட்டது.

"எனக்குத் தெரியாது டாக்டர். நான் எழுதற கடுதாசில போடமாட்டேன். ஆனா அவங்ககிட்ட உங்க கணக்கு இருக்கும்."

"அந்தப் பொண்ணு உன் தங்கச்சியா? முன்பல் லேசா ஏறியிருக்குமே?"

"அவளேதான்."

"பாக்கறேன்," என்று வைத்துவிட்டார்.

பார்க்கிறேன் என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. அக்கா காகிதத்தை எடுத்து எழுத உட்கார்ந்தாள். என் கவனக்குறைவால் என்று தொடங்கினாள். அடித்தாள். கவனக்குறைவு இல்லை. தெரிந்தே செய்தது. கால் மணி நேரத்தை மிச்சம் பிடிக்கத் தெரிந்தே செய்தேன் என்று எழுதினாள். எழுதியது கண்ணுக்கு முன்னால் கிடந்தபோது, இத்தனை வருஷம் தன் கைகளைப் பற்றித் தான் வைத்திருந்த பெருமையில் ஒரு பகுதி அந்தக் கால் மணி நேரங்களால் ஆனது என்று புரிந்தது. கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினாள்.

தங்கை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை ஆயிற்று. அணியின் குழுவில் யாரோ மாற்று ஆளின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

ஒன்று நாற்பத்தைந்துக்கு டாக்டரிடமிருந்து படங்கள் வந்தன. பெட்டியைத் தானே திறந்திருக்கிறார். பல் பார்க்கிற நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் சீட்டு பளிச்சென்று தெரிந்தது. ஓரத்தில் கையுறை போட்ட கட்டைவிரல். சீட்டில் 3386. அடுத்த படத்தில், திரையில், 4417. கீழே ஒரு வரி: தங்கச்சியை அந்தப் பசங்களை நல்லாப் போடச் சொல்லு.

எல்லாவற்றையும் அனுப்பினார்கள். அதன்பிறகு செய்ய ஒன்றும் இல்லை. கடைச் சுவரில் இருந்த கடிகாரம் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். இரண்டரை. அக்கா தங்கையின் பின்னலை அவிழ்த்து முழுசாகப் பின்னிவிட்டாள். தங்கை தடுக்கவில்லை, சாய்ந்துகொள்ளவும் இல்லை.

இரண்டு ஐம்பதுக்கு மேனேஜர் கூப்பிட்டார். "கணக்கைத் திறந்துட்டாங்க. ஆனா அந்த எண்ணு தடைலயேதான் இருக்கும். அந்த மிஷின்ல உக்காரக்கூடாது. வேற மிஷின் பாத்துக்க, சீக்கிரம்."

இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். ஆறு மிஷின் வரிசையாக நின்றன. ஆறும் அக்காவின் கைபட்டவை. எதில் எந்த எண் இருக்கிறது என்று நோட்டைப் புரட்டாமல் அவளால் சத்தியம் செய்ய முடியாது. இப்போது நோட்டையும் முழுசாக நம்ப முடியவில்லை.

"தெருமுனைல இருக்கற விளையாட்டு மையம்," என்றாள் தங்கை. "அங்க எதையாவது தொட்டிருக்கியா?"

"இல்ல. அவங்க என்கிட்ட வர்றதே இல்ல."

கடை தொடங்கிய நாள் முதல் அந்த மையக்காரர் தன்னைத் தாண்டி வேறு ஆளிடம் போவது அவளுக்கு மனக்குறை. இன்று அவரை நினைத்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

தங்கை மௌஸையும் காதுக்கருவியையும் பைக்குள் திணித்துக்கொண்டு வாசல்வரை போனாள். நின்றாள்.

"நீ முதல்ல என்னைத்தானே கேட்ட?"

"ஆமா."

"போர்டுல கை வச்சது நீன்னு எனக்குத் தெரியும். நான் உன்னைக் கேக்கவே இல்ல, பாத்தியா?"

அக்கா கீழே பார்த்தாள். "செருப்பு ரெண்டும் வேற வேற," என்றாள்.

தங்கை குனிந்து பார்த்தாள். "சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன, காலைலயே?" என்று சொல்லிவிட்டு அப்படியே ஓடினாள்.

நாலு மணிக்கு அக்கா போனை மேஜையில் சாய்த்து வைத்து, சத்தத்தை அணைத்துவிட்டு ஆட்டத்தைத் திறந்தாள். ஐந்து பெயர்கள் வரிசையாக வந்தன. மூன்றாவது, ஊசி. உள்ளே வந்துவிட்டாள். அக்காவின் தோள்கள் தாமாக இறங்கின.

பிறகு கணினியில் அந்தக் கோப்பைத் தேடி அழித்தாள். கடைத் தொலைபேசியை இழுத்துக்கொண்டு, புள்ளி வைத்த பக்கங்களில் முதல் வாடிக்கையாளரின் எண்ணைச் சுழற்றினாள்.

"போர்டு கடைலேர்ந்து பேசறேன். இல்லைங்க, வர வேண்டியது ஒண்ணும் இல்ல. மூணு வருஷம் முன்னாடி உங்களுக்கு நான் பண்ணிக் கொடுத்த வேலை ஒண்ணு இருக்கு. அதை நான் மறுபடி பண்ணணும்."

அந்தப் பக்கத்தில் இருந்தவர் ஏன் என்று கேட்டார். திரையில் யாரோ சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். அக்கா முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.