அக்காவுக்குள் அபிஷன்

வெள்ளவத்தையில் கடல்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடிக் கட்டடமொன்றின் ஐந்தாம் தளத்தில் நிருஷாவும் அபிஷனும் பெற்றோருடன் குடியிருந்தார்கள். நிருஷாவுக்குப் பதினாறு வயது. பாடசாலைத் தமிழ் விவாத அணிக்குத் தலைவி. தம்பி அபிஷனுக்குப் பதினான்கு. அவன் தன் பாடசாலைக் கிரிக்கெட் அணியின் விக்கெட் காப்பாளன். அக்கா ஒரு நாளில் பேசுவதைத் தம்பி ஒரு வருடத்தில் பேசிமுடிப்பான் என்று அம்மா கௌரி சொல்வார். ஆனால் சண்டை என்று வந்தால் அவனுக்கும் வாய் நீளும்.

அந்த வெள்ளிக்கிழமை மாலை ரியூசன் முடிந்து லிப்டில் ஏறும்போதே சண்டை தொடங்கிவிட்டது. மறுநாள் காலை அபிஷனுக்குக் கிரிக்கெட் மச். பின்னேரம் நிருஷாவுக்கு இறுதி விவாதம். அம்மாவுக்கு வங்கியிலும் அப்பாவுக்கு இரத்மலானையில் தொழிற்சாலையிலும் வேலை இருந்ததால், ஒருவருக்கு ஒருவர் துணையாகப் போகவேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

"உன்ர மச்சுக்கு வந்து வெயிலில காய எனக்கென்ன விசரோ?" என்றாள் நிருஷா. "பந்துக்குப் பின்னால குந்திக்கொண்டு இருக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டோ?"

"மைக்கைப் பிடிச்சுக் கத்துறது மட்டும் பெரிய வேலையோ? எனக்கு அந்த வாய் இருந்தா நானும் கப் எடுப்பன்."

"எடுத்துப் பாரன்!"

மின்சாரம் போனது. லிப்ட் ஒருமுறை பலமாகக் குலுங்கி, நின்றது. கும்மிருட்டில் இருவரும் ஒருவர் கையை மற்றவர் இறுக்கிப் பிடித்தார்கள். ஜெனரேட்டர் உறுமி வெளிச்சம் வந்ததும் நிருஷா லிப்டின் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள். கண்ணாடியில் கையை உயர்த்தியவன் அபிஷன்.

அவள் வீரிட்டாள். வந்தது தம்பியின் உடைந்துகொண்டிருந்த குரல்; உச்சிக்கு ஏறி, பாதியில் கரகரத்து விழுந்தது. பக்கத்தில் அவளுடைய முகமே அவளை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றது அந்த முகம், "என்ர முதுகில என்னவோ ஊருது."

"அது என்ர பின்னல். இழுக்காத!"

ஆக, நிருஷா இப்போது தம்பியின் உடலில். அபிஷன் அக்காவின் உடலில். லிப்ட்தானே இதைச் செய்தது, லிப்டே திருப்பிச் செய்யட்டும் என்று இருவரும் மேலும் கீழும் போய்வந்தார்கள். உள்ளே நின்று குதித்தார்கள். கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். கடைசியில் கீழே கதவு திறந்தபோது காவல்காரர் இடுப்பில் கைவைத்து நின்றார். "மல்லி, மொகத கரன்னே?" தம்பி, என்ன செய்யிறாய் என்று அவர் சிங்களத்தில் அதட்டியதும் இருவரும் படியால் ஏறி ஓடினார்கள்.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மாவிடம் நிருஷா உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, நான்தான் நிருஷா."

"அப்ப நான் ஜனாதிபதி. காலைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வா."

சாப்பாட்டு மேசையில் புட்டும் அறக்குளா மீன்குழம்பும். அம்மா அபிஷனின் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு நடுத்துண்டுகளை வைத்தார். நிருஷாவின் கோப்பையில் ஒரு வால் துண்டு. அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்தவனோ அபிஷன்.

"இதென்ன, எனக்கு முள்ளு மட்டும்?" என்றான்.

"தம்பிக்கு நாளைக்கு மச் எல்லோ."

"எனக்கும் நாளைக்கு விவாதம் எல்லோ!"

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். "இவ்வளவு நாளும் நீ ஒண்டும் கேட்கேல்லையே, பிள்ளை."

நிருஷா இரண்டு துண்டுகளையும் சுவைத்துக்கொண்டிருந்தாள். மீன் நன்றாக இருந்தது.

படுக்கப் போகுமுன் இருவரும் சட்டம் போட்டுக்கொண்டார்கள். குளிப்பு முற்றாக இரத்து. உடுப்பு மாற்றுவது கண்ணை மூடிக்கொண்டு. கைபேசிகளை யாரும் தொடக்கூடாது.

விடிந்ததும் அபிஷனுக்கு வேலை தொடங்கியது. "பிள்ளை, தேத்தண்ணியை வை." "பிள்ளை, தம்பியின்ர உடுப்பை அயன் பண்ணு." "பிள்ளை, கனடாச் சித்தி லைன்ல நிக்கிறா, கதை." தன் வெள்ளைக் காற்சட்டையைத் தானே அயன் பண்ணியபடி, தோளில் இடுக்கிய அம்மாவின் தொலைபேசியில் சித்தியிடம் கணித மார்க்ஸ் சொல்லிக்கொண்டு நின்றான் அபிஷன். தான் நித்திரையில் இருக்கும் நேரத்தில் இந்த வீட்டில் இவ்வளவு நடக்கிறது என்பது அவனுக்குப் புதினமாக இருந்தது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போனபிறகுதான் அவனால் ஒரு கதிரையில் இருக்க முடிந்தது.

அவனுக்குப் பின்னல் போடத் தெரியாது. தன்னுடைய தலைமுடியை வெளியே நின்று பின்னும் வேலை நிருஷாவுக்கு வந்தது. மயிரை இறுக்கி இழுத்தபோது இடது கை நடுவிரலில் சுரீர் என்று ஒரு வலி, தோள்வரை ஓடியது. அவள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். மூட்டு வீங்கி, கொஞ்சம் கோணலாக இருந்தது.

"இதென்னடா?"

"ஒண்டுமில்லை. போன கிழமை பிரக்டிஸில பந்து பட்டது."

"இவ்வளவு நோகுது, நீ ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"சொன்னா டீமால எடுத்துப்போடுவினம். அக்கா, பிளீஸ், இண்டைக்கு ஒரு மச் மட்டும். டேப் சுத்திவிடுறன்."

அவள் சம்மதிக்கவில்லை. ஆனால் தன்னுடைய முகமே கண்கலங்கிக் கெஞ்சுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. "பின்னேரம் அம்மாவுக்குச் சொல்லுவன்," என்று மட்டும் சொல்லிவிட்டு விரலை நீட்டினாள்.

மச் கிருலப்பனையில் ஒரு மைதானத்தில் நடந்தது. பயிற்றுநர் பேர்னாட் சேர் கையுறையைக் கொடுத்து முதுகில் தட்டி அனுப்பினார். நிருஷா விக்கெட்டுக்குப் பின்னால் குந்தினாள். முதல் பந்து அவள் கால்களுக்கிடையால் போய் எல்லைக்கோட்டைத் தொட்டது. இரண்டாவது, விரலிலேயே பட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தபோது, தம்பி ஏன் ஒரு கிழமையாக வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினான் என்பது அவளுக்கு விளங்கியது.

எல்லைக்கோட்டுக்கு வெளியே பாவாடை சட்டையோடு நின்ற அபிஷனால் பொறுக்கமுடியவில்லை. "குனி! கையை நிலத்தில வை! பந்தைப் பார், பந்தைப் பார்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். பக்கத்தில் நின்ற பொடியன்கள் வாயைப் பிளந்தார்கள். "அபிஷன்ர அக்காவுக்கு இவ்வளவு கிரிக்கெட் தெரியுமோ?"

பந்தைப் பிடிக்கத் தன்னால் முடியாது என்று நிருஷாவுக்குத் தெளிவாகிவிட்டது. துடுப்பாட்டக்காரன் ஒரு நாலு ஓட்டம் அடித்ததும், தெரிந்த வேலையைச் செய்யத் தொடங்கினாள்.

"அண்ணை, நீங்கள் இப்ப அடிச்ச அந்த நாலு ஓட்டம் திறமையோ, அதிர்ஷ்டமோ?" என்று துடுப்பாட்டக்காரனிடம் கேட்டாள். "அதிர்ஷ்டம் எண்டு நான் சொல்லுறன். மூண்டு காரணம் இருக்கு. முதலாவது, நீங்கள் பார்த்தது ஒரு பக்கம், பந்து போனது வேற பக்கம்."

நடுவர் தொப்பியால் முகத்தை மறைத்துச் சிரித்தார். இரண்டாவது காரணத்துக்கு மேல் துடுப்பாட்டக்காரனால் தாங்கமுடியவில்லை. அடுத்த பந்தை வானத்துக்கு அனுப்பித் தன் திறமையைக் காட்ட முன்னால் பாய்ந்தான். பந்து தப்பியது, நிருஷாவின் கால்காப்பில் பட்டுத் திரும்பி, விக்கெட்டைச் சாய்த்தது. கோட்டுக்கு வெளியே நின்றவன் ஆட்டமிழந்தான்.

மச்சில் அவர்கள் அணி வென்றது. அதில் தன் பங்கு என்ன என்பது நிருஷாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பேர்னாட் சேரோ பூரித்துப்போனார். "இவ்வளவு நாளும் இந்த வாயை எங்கயடா வச்சிருந்தனீ?"

முச்சக்கரவண்டியில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது அக்கா தம்பிக்கு விவாதக் குறிப்புகளைச் சொல்லிக் கொடுத்தாள். 'குடும்பத்தில் மூத்த பிள்ளையின் வாழ்க்கையே கடினமானது' என்பது தலைப்பு. அதை நிறுவவேண்டிய கட்சி அவர்களுடையது. வண்டி காலி வீதியைத் தொடுமுன் அவன் பாதியை மறந்துவிட்டான்.

விவாத மண்டபத்தில், மேடைக்குப் பக்கத்து அறையில், அணியின் மற்றப் பேச்சாளரான ஹம்சிகா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அபிஷன் மெல்ல வெளியே வந்து நிருஷாவின் கையைப் பிடித்தான்.

"அக்கா, உன்ர உடம்புக்கு ஏதோ வருத்தம். வயித்துக்குள்ள வாஷிங்மெசின் ஓடுது. கையெல்லாம் ஐஸ்."

"வருத்தமில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான்."

"ஒவ்வொரு முறையுமோ?" அவன் நம்பவில்லை. மேடையில் நிமிர்ந்து நிற்கும் அக்காவை மட்டும்தான் அவன் கண்டிருந்தான். "பேந்து எப்பிடிக் கதைக்கிறனீ?"

"முதல் வசனத்தை மட்டும் யோசிப்பன். அதைச் சொல்லிட்டால் பிறகு வாய் தானாப் போகும்."

அவன் பெயர் அழைக்கப்பட்டது. அதாவது அவளுடைய பெயர். அபிஷன் மைக்கின் முன்னால் போய் நின்றான். குறிப்புகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கடைசி வரிசையில், வேலை முடிந்து வங்கிச் சேலையோடு அம்மா வந்து அமர்வதைக் கண்டான்.

"சபையோரே," என்றான். "நேற்று வரைக்கும் நானும் இந்தத் தலைப்பை நம்பவில்லை."

சபை நிமிர்ந்தது. அவன் தேத்தண்ணியில் தொடங்கினான். தம்பியின் காற்சட்டையை அயன் பண்ணும்போது அந்தத் தம்பி குறட்டை விடும் ஓசையை அப்படியே செய்துகாட்டினான். கனடாச் சித்தி மார்க்ஸ் கேட்கும் குரலைச் செய்துகாட்டினான். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பிறகு மீன்குழம்புக்கு வந்தான்.

"வால் துண்டு யாருக்கு என்று எங்கள் வீட்டில் யாரும் முடிவெடுப்பதில்லை. மூத்த பிள்ளை கேட்காது என்று எல்லோருக்கும் தெரியும். நடுத்துண்டைத் தின்கிற தம்பிக்கு அதுகூடத் தெரியாது. அவன் கெட்டவன் இல்லை, சபையோரே. அவன் ஒருநாளும் பக்கத்துக் கோப்பையைப் பார்த்ததில்லை."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். பக்கச் சுவரோடு நின்ற நிருஷா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் அணி வென்றது. ஹம்சிகா ஓடிவந்து கட்டிப்பிடித்தபோது அபிஷன் மின்கம்பம்போல விறைத்து நின்றான்.

வெளியே வந்ததும் நிருஷா விரலை அம்மாவிடம் நீட்டினாள். அபிஷன் கண்ணால் எரித்துப் பார்த்தான். அவள் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் மூவரும் காலி வீதியில் ஒரு மருத்துவரின் அறையில் இருந்தார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், மூட்டு விலகியிருக்கிறது, முறிவில்லை, இழுத்து நேராக்கிவிடலாம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டாலும் கொஞ்சம் நோகும் என்றும் சொன்னார்.

"என்ர கையைப் பிடிச்சுக்கொள்," என்று அபிஷன் மெல்லச் சொன்னான். "இது என்ர விரல். மன்னிச்சுக்கொள் அக்கா."

மருத்துவர் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து விரலை இழுத்தார். நிருஷா தம்பியின் கையை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி வாயைத் திறந்தாள். அலறல் கேட்டது. ஆனால் அவளுக்கு நோகவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், பின்னலும் பாவாடையுமாக நின்றாள். கட்டிலில் அபிஷன் தன் சொந்த உடலில், சொந்தக் குரலில் கத்திக்கொண்டிருந்தான்.

"இந்த நேரம் பார்த்தோ மாறவேணும்!" என்று முனகினான்.

நிருஷாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. இரண்டையும் நிறுத்தமுடியாமல் சுவரில் சாய்ந்தாள்.

"தம்பி வலியில துடிக்கிறான், அக்கா சிரிக்கிறா. நல்ல குடும்பம்," என்றார் மருத்துவர்.

தகடு வைத்துக் கட்டிய விரலோடு அபிஷன் அந்தப் பருவம் முழுவதும் விளையாடாமல் இருந்தான். பேர்னாட் சேர் அவனைத் திட்டினார். பிறகு, விரல் சுகமானதும் முதல் இடம் உனக்குத்தான் என்றார். சொல்லாமல் மறைத்த ஒரு கிழமை எவ்வளவு வீண் என்று அவனுக்குப் பட்டது.

நிருஷாவுக்கு வேறு தொல்லை. மாகாணப் போட்டிக்கும் அதேபோலச் சிரிக்கச் சிரிக்கப் பேசவேண்டும் என்று விவாத அணியின் ரீச்சர் சொல்லிவிட்டார். அவள் தனியே நின்று சித்தியின் குரலைப் பழகினாள். யாருக்கும் சிரிப்பு வராத ஒரு சித்தி வந்தார். கடைசியில் வரவேற்பறைக்குப் போய், சோபாவில் காலை நீட்டிக் கிடந்த தம்பிக்கு முன்னால் நின்றாள்.

"அப்பிடியில்லை," என்று அபிஷன் எழுந்து உட்கார்ந்தான். "நீ கெதியாச் சொல்லுறாய். சித்தி கேள்வி கேட்டிட்டு ஒரு மூச்சு விடுவா. அந்த மூச்சிலதான் சனம் சிரிக்கும். இன்னொருக்காச் சொல்லு."

அவள் சொன்னாள். சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.