பாதியாக வெட்டிய கேபிள்

“அம்மா, சுத்தி முடிச்சும் அதே இடத்துலதானே நிக்கிறோம்? அப்ப நடந்தது எங்க போச்சு?” என்று பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் வலம் வந்தபின் மகள் ஒருமுறை கேட்டாள்.

பிரேமினிக்கு அது கிள்ளானில், ஒரு மொட்டைமாடியில் நினைவுக்கு வந்தது. வெள்ள மீட்புத் தொண்டர்களுக்காக அவளும் உடன் வேலைசெய்யும் அசாருதீனும் ரேடியோ ஆன்டெனா பொருத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு முதலாளி வருவார். வேலை சரியாக முடிந்தால்தான் அசாருதீனின் வேலை பெர்மிட்டைப் புதுப்பிப்பார்.

மீட்டர் திரையில், ஆன்டெனாவிலிருந்து திரும்பும் அலையைக் காட்டும் ஸ்மித் வட்டப்படம் தெரிந்தது. மீட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் இடையிலுள்ள கேபிள் நீள நீள, அதில் ஒரு புள்ளி வட்டமாகச் சுற்றும். இந்த இணைப்புக்கு அது எதிர்ப்பக்கம் போகவேண்டும். அதற்கு அரைச் சுற்று வேண்டும் என்று அசாருதீன் அரை அலைநீளத்துக்குக் கேபிள் வெட்டி இணைத்தான். புள்ளி பழைய இடத்திலேயே நின்றது.

“கேபிள் கெட்டுப்போச்சாக்கா?”

“இல்ல அசார், முழுசா சுத்திட்டு வந்து நிக்குது. அலை ஆன்டெனா வரைக்கும் போயி, திரும்பியும் வருது. ரெண்டு வழியும் கணக்குல சேரும் லா. அரை அலைநீளத்துக்கே ஒரு சுத்து முடிஞ்சிரும்.”

“அப்ப பாதி போதும். நல்லவேளை, குட்டையா வெட்டலை.”

பாதியாக வெட்டி இணைத்ததும் புள்ளி எதிர்ப்பக்கம் போய் நின்றது. இருவரும் கைதட்டிச் சிரித்தார்கள். முதலாளி வந்து ரேடியோவில் பேசியபோது ஷா ஆலமிலிருந்து பதில் தெளிவாக வந்தது. “நாளைக்கே பெர்மிட் பாரத்தைக் கொண்டா,” என்றார் அசாருதீனிடம்.

அவர்கள் இருவரும் தேநீர் குடிக்க இறங்கியபின் பிரேமினி அறிக்கை எழுதினாள். போன வருடம் அவள் தவறாகப் பற்றவைத்த இணைப்பை அசாருதீன் யாரிடமும் சொல்லாமல் சரிசெய்திருந்தான். இறைவன் சிறு உதவியையும் மறப்பதில்லை என்று நம்புகிறவள் அவள்.

‘வேலையை முடித்தவர்: அசாருதீன்’ என்று எழுதி, மூடிவைத்தாள்.