யாரும் மது அருந்துவதில்லை

வயிறு எரியுது எனக்கு. ஸ்ரீராம்புரத்துல எங்க சந்துல மொத்தம் நூத்திப் பன்னெண்டு வீடு. அதுல நூத்தியெட்டு வீட்ல யாருமே குடிக்கிறதில்லையாம்! கதவு கதவாத் தட்டி இதை எழுதிட்டு வந்தவ வேற யாருமில்ல, இந்தப் பார்கவி, நானேதான்.

உலகம் பூரா யார் எப்படிக் குடிக்கிறாங்கன்னு ஒரு சர்வே. ட்ரெய்னிங்ல படம் போட்டுக் காட்டினாங்க. பிரான்ஸ்ல சாப்பாட்டோட ஒயினாம், ஜெர்மனில பீராம், ரஷ்யால வோட்காவாம். ஃபார்ம்லயும் அதே மாதிரி கிளாஸ், மக்னு கட்டம். காலைல ஏழு மணிக்கு வெறும் வயித்துல விஸ்கி பாக்கெட்டைப் பல்லால கடிச்சு உறிஞ்சுறானே, அவனுக்கு எங்கய்யா கட்டம்? கேட்டேன். "அதர்ஸ்ல போடுங்க மேடம்"னார் சூப்பர்வைசர் பத்ரிநாத். சரி, அதர்ஸாவே இருந்து தொலையட்டும். அதுக்காவது ஒருத்தர் வாயைத் திறக்கணுமே!

பத்துல மூணு வீட்ல குடிக்கிறவங்க இருந்தா, சந்துலயே குடியை நிறுத்துற கிளினிக் திறப்போம்னு சொல்லியிருந்தாங்க. எனக்கு அதுதான் வேணும். எங்கண்ணன் கிரணுக்கு முப்பத்திரெண்டு வயசு. டீ கிளாஸைப் பிடிச்சா கை நடுங்குது, கண்ணு மஞ்சளாயிடுச்சு. ஆஸ்பத்திரின்னா ஓடிடறான். கிளினிக் வாசல்லயே இருந்தா சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டாவது போயிருப்பேன்.

"மது அருந்துவீர்களா?"ன்னு ஃபார்ம்ல இருக்கிறபடியே படிக்கணும், மாத்திக் கேட்கக் கூடாதாம். "யாரு மது? மாடி வீட்டுப் பொண்ணா?"ன்னுச்சு ஒரு அம்மா. இன்னொரு வீட்ல என் செருப்புக்கடியில காலி பாக்கெட்டு நசுங்குது, "சேச்சே, எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லம்மா"ங்கிறாங்க. இங்க சரக்குக்கு கன்னடத்துல 'எண்ணெ'ன்னு பேரு. எண்ணெ அடிப்பாரான்னு கேட்டிருந்தா சிரிச்சுக்கிட்டாவது ஆமான்னு சொல்லியிருப்பாங்க.

நேத்து பத்ரிநாத் ஃபோன் பண்ணார். "உங்க சந்துல நம்பர் ரொம்ப லோ மேடம். கிளினிக் வேற ஏரியாவுக்குப் போகுது."

இன்னிக்குக் காலைல தண்ணி பிடிக்க நின்ன இடத்துல, எதிர்வீட்டு சந்திரம்மாக்கா மேல பாய்ஞ்சுட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிச்சதுல உங்க தலையில ஆறு தையல். கூட்டிட்டுப் போனதே நான்தான். என்கிட்டயே இல்லைன்னு சொல்ல எப்படிக்கா மனசு வந்துச்சு? உங்க மானத்துக்கு எங்கண்ணன் சாகணுமா?"

அக்கா குடத்தை இறக்கி வெச்சாங்க.

"உங்க வீட்டு ஃபார்ம்ல என்னடி எழுதின?"

சர்வேயை எங்க வீட்ல இருந்துதான் ஆரம்பிச்சேன். அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "வேணாம்டி, கிரணுக்குப் பொண்ணு பாக்கிறோம், வெளியில தெரிஞ்சா யாரு குடுப்பா?" அவன் அந்தாண்ட படுத்துக் கிடந்தான், வாய்ல நாத்தம்.

அந்த நூத்தியெட்டுல முதல் 'இல்லை' நான் போட்டது.