கேட்ட பிறகு மூடியைத் திற

வாசனை எண்ணெய்ச் சிகிச்சை, அதாவது அரோமாதெரபி, படித்தே தீருவது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அழகு நிலையம் ஒன்றில் பல வருடமாகத் தலை கழுவிவிடுகிறவள். அவள் விரல் பட்டால் வாடிக்கையாளர்கள் நாற்காலியிலேயே குறட்டை விடுவார்கள். சான்றிதழ் ஒன்று வாங்கி வந்தால் பின்னறையை ஒழித்துத் தருவதாக முதலாளியம்மாவே சொல்லிவிட்டார். ஆகையால் படிப்பதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி.

இதைக் கற்றுத்தருகிறோம் என்று கிளம்பியவர்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் இடத்தில் சனி, ஞாயிறு வந்து போனால் போதும், நிபுணராக்கிவிடுவோம் என்றார்கள். போய் எட்டிப் பார்த்தாள். எலுமிச்சைப்புல் எண்ணெயை வேறு எதிலும் கலக்காமல் அப்படியே ஒருத்தியின் மணிக்கட்டில் தேய்த்துவிட்டு, இயற்கைதானே, ஒன்றும் செய்யாது என்றார்கள். மத்தியானத்துக்குள் அந்த ஒருத்தி தோல் சிவந்து ஐஸ் கட்டி தேடிக்கொண்டிருந்தாள். அந்த இடத்துக்கு அன்றோடு ஒரு பெரிய கும்பிடு.

மிஞ்சியது ஒரே பள்ளி. அதில் இரண்டு வழி. உள்ளூர்க் கிளையில் சாயங்கால வகுப்பு என்றால் இரண்டு வருடம். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தலைமைப் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தால் ஒரே வருடம். பாடமும் ஒன்றுதான், சான்றிதழும் ஒன்றுதான். அவள் விடுதியை மனசுக்குள் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். கேட்டவர்களிடம் சீக்கிரம் முடிந்துவிடும் என்றாள். அது சும்மா சொன்னது. அந்தப் படிப்பில் அவளுக்குப் பிடித்ததே அது தூரத்தில் இருந்ததுதான்.

வீட்டில் அவளும் புருஷனும் மட்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். குடி கிடையாது, குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. சாதாரணக் குரலில் பேசியதும் குறைவுதான். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்று ஒரே பதில். போன வருடம் அவள் ஆசை ஆசையாக ஒரு வாசனை விளக்கு வாங்கி வந்து, லாவெண்டர் எண்ணெய் விட்டுச் சாயங்காலந்தோறும் ஏற்றி வைத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாமே என்று ஒரு நப்பாசை. விளக்கை ஏற்றியதும் ஆள் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். வாசனை போதவில்லை போலிருக்கிறது என்று அவள் எண்ணெயை இன்னும் சில சொட்டு கூட்டினாள். அவர் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னும் கூட்டினாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார்.

என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதானே என்று அவள் மனசை முறித்துக்கொண்டாள். விடுதிக்குப் போனால் திரும்பி வருவதாக இல்லை. இதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

சேருவதற்கு முன்னால் உள்ளூர்க் கிளையில் ஒரு மாதிரி வகுப்பு வைத்தார்கள். எண்ணெய் தேய்த்துப் பழக ஆள் ஒருவரைக் கூட்டி வரவேண்டும். மற்றவர்கள் தங்கையையும் தோழியையும் இழுத்து வந்திருந்தார்கள். அவளுக்கு வாய்த்தது புருஷன்தான். அவர் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, உயரமான மேசையில் கால் தொங்க உட்கார்ந்தார்.

டீச்சர் பருத்த பெண்மணி, சிரிப்பதில் சிக்கனம். புட்டியின் மூடியைத் திறப்பதற்கு முன் எதிரில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவேண்டும் என்றார். தூக்கம், வலி, சாப்பிடும் மருந்து, ஒத்துக்கொள்ளாத வாசனை. அறை முழுக்கக் குசுகுசுவென்று கேள்விகள் கிளம்பின. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கட்டின புருஷனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? டீச்சர் பக்கத்தில் வந்ததும் கடகடவென்று ஒப்பித்தாள். படுத்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார், வலி கிலி கிடையாது, மாத்திரையைத் தொடமாட்டார், எந்த வாசனையும் ஒத்துக்கொள்ளும்.

டீச்சர் அவரைப் பார்த்து, சரிதானா என்று விசாரித்தார். அவரும் வழக்கம்போலச் சரி என்றார்.

"அவங்க உங்களை ஒண்ணுமே கேக்கலையே சார், நான் பாத்துட்டுதானே இருந்தேன்," என்ற டீச்சர், புட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். "கேட்டு முடிச்சிட்டு வந்து வாங்கிக்கோம்மா."

அவளுக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. வேண்டாவெறுப்பாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். தூக்கம் சரியாக வருவதில்லையாம். அவள் முழித்துக்கொள்ளக் கூடாதே என்று புரளாமல் படுத்திருப்பாராம். வலது தோளில் மாதக்கணக்காக வலியாம். யாரோ புது மனிதர் பேசுவதைக் கேட்பது போலிருந்தது அவளுக்கு.

"ஒத்துக்காத வாசனை ஏதாவது இருக்கா?"

அவர் தன் கால் நுனியைப் பார்த்தார். "சாயங்காலம் நீ ஏத்துறியே, அதுதான். தலையைப் பிளக்குது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"ஆசையா வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

கொசுவை விரட்டுவது போலப் புருஷனை வீட்டை விட்டு விரட்டியிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அந்த வேகத்தில் மற்றதையும் சொல்லிவிட்டாள்.

"விடுதிக்குப் போனா திரும்பி வரவேண்டாம்னுதான் இருந்தேன்."

"தெரியும்," என்றார். "உங்க அம்மா போட்டோவைக் கழட்டிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தே. படிக்கப் போறவ அதையெல்லாம் எடுத்துட்டுப் போகமாட்டா."

தெரிந்தும் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"நான் எதுல சேரட்டும்?"

"உன் இஷ்டம்."

"அது பதில் இல்லை. நான் உங்களைக் கேக்கறேன்."

பக்கத்து மேசையில் யாரோ எண்ணெய் தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"சாயங்கால வகுப்புல சேரு. போயிடாதே."

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் வாய் திறந்து கேட்டது இந்த ஒன்றுதான். நியாயமாக அவள் உருகியிருக்க வேண்டும். வந்தது கோபம். இதைச் சொல்ல இத்தனை வருடமா? டீச்சரிடம் போய், சாயங்கால வகுப்பில் சேர்வதாகச் சொல்லிவிட்டு, லாவெண்டர் கலக்காத புட்டியாகக் கேட்டு வாங்கி வந்தாள். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். அவள் அவருடைய வலது தோளில் கையை வைத்து, உள்ளே இருந்த ஆத்திரமெல்லாம் விரலுக்கு வர, ஓங்கி ஓர் அழுத்து அழுத்தினாள்.

"வலிக்குது," என்றார் அவர்.