நிறைகிற பை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் ஒரே பேர்தான்: வீசிங். ஒட்டுகிற பசையின் வாடை என்பார்கள். இன்ஹேலரில் பஃப் அடித்துக்கொண்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவார்கள். மெர்சியும் இரண்டு வாரம் அடித்துக்கொண்டாள். வாங்கிக் கொடுத்தவன் அவள் புருஷன் இன்பராஜ். அவள் போய்ச் சேர்ந்து பத்து மாதம் ஆகிறது.

இப்போது வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே கம்பெனி ஹேமந்த் இன்பராஜின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உள்ளே ஹேமந்தின் மனைவி சோபனா, படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே திணறுகிறாள்.

"இன்னாடா பண்றது? இதயம் வீக்காம். நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சாம். ஊசி போட்டு, மூஞ்சில இறுக்கமா மாஸ்க் மாட்டணுமாம். அதுக்கும் கேக்கலன்னா தொண்டைல டியூப். கையெழுத்து கேக்கறாங்க. மாமியாரு, மாஸ்க் போட்டா உசுரோட திரும்ப மாட்டா, வூட்டுக்குக் கூட்டினு போய் பஃப் அடிக்கலாம்னு அழுவுது. நீ படிச்சவன், சொல்லு."

மெர்சிக்கும் இதே மாஸ்க்கைத்தான் சொன்னார்கள். "வீசிங்தான் சார், வேணாம்" என்று இன்பராஜ்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனான். மறுநாள் திரும்பி வந்தபோது எதுவும் எடுபடவில்லை. அன்றைக்கு அவனுக்கு யோசனை கேட்க ஆளில்லை. ஹேமந்துக்கு இருக்கிறது.

கூட்டிட்டுப் போ என்று ஒரு வார்த்தை போதும். கம்பெனி கேண்டீனில் தனியாகச் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர் ஆவார்கள். அந்த நினைப்பு இனித்தது.

"டேய், இன்னாடா?"

"போடு."

"இன்னா போடு?"

"கையெழுத்து. இப்பவே."

சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்கள். கட்டிலோரம் மூத்திரப் பை முக்கால்வாசி நிறைந்து தொங்கியது. "நுரையீரல் தண்ணி நல்லா இறங்குது" என்றாள் நர்ஸ். மெர்சியின் பை கடைசிவரை காலியாகவே கிடந்தது. இன்பராஜ் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணா, இந்த ஆளுக்கு டீ வாங்கிக் குடுங்க" என்றாள் சோபனா, மெல்ல. "அழுது அழுது மூஞ்சப் பாருங்க, ஊறப்போட்ட தோலு மாதிரி."

ஹேமந்த் சிரித்தான். திட்டு வாங்கிச் சிரிக்கிற சிரிப்பு.

ஸ்கேனுக்குக் கட்டிலைத் தள்ளினார்கள். "கொஞ்சம் புடிடா" என்று ஹேமந்த் பையை இன்பராஜ் கையில் கொடுத்தான். வெதுவெதுப்பாக, கனமாக இருந்தது.

"மேல தூக்காதீங்க சார், மூத்திரம் திரும்ப உள்ள போய்டும்" என்றாள் நர்ஸ்.

ஒரே ஒரு முறை தூக்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. தாழ்த்திப் பிடித்தபடி கட்டிலோடு நடந்தான்.