இடைவேளையில் வந்த அணில்

தங்கச்சிக்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

பழைய கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைக்காரர் பெருமையாகத்தான் சொல்லியிருந்தார். "படத்துக்கு முன்னாடி அணில் ஒண்ணு ஓடி வருதுங்க, டொய்ங் டொய்ங்னு மியூசிக் வேற. எல்லாரும் அதைத்தான் முதல்ல எடுக்கச் சொல்வாங்க. நானே சுத்தம் பண்ணிட்டேன். போட்டா நேரா படம்தான்."

"படம் யாருக்குங்க வேணும்? அந்த அணில்தான் வேணும்!"

கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். பூஞ்சை பிடித்த நாடா, ஒருமுறை ஓடியதோடு நார்நாராகிவிட்டதாம். வெட்டிய துண்டையும் அழித்துவிட்டாராம். மகராசன்!

அந்த அணிலில் அவள் அக்காவின் சிரிப்பு இருந்தது. இளம் வயசில் அக்கா அந்தக் கேசட்டைப் போட்ட வீடியோ கம்பெனியில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அணில் ஓடி வந்து வாலைச் சுருட்டும், வளையத்துக்குள் கம்பெனிப் பெயர் மின்னும். அதற்கு இசை பதிவு செய்தபோது, கீபோர்டு வாசித்தவர் நாற்காலியோடு சரிய, அக்கா கலகலவென்று சிரித்துத் தொலைத்தாள். முதலாளிக்கு அது பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். அப்புறம் என்ன, யார் வீட்டில் கேசட் போட்டாலும் அக்கா சிரித்தாள்.

போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். ஆள் பிழைத்தாள், குரல் போய்விட்டது. கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள் என்பதால் வேறெதிலும் அவள் குரல் கிடையாது.

அதற்கப்புறம் வந்தவள்தான் மருமகள். "அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகாது சித்தி. அன்னைக்குக் காபியில சர்க்கரைன்னு உப்பைப் போட்டுட்டேன். கோவத்துல அவங்க தோளெல்லாம் நடுங்குச்சு."

"அடி அசடே, அது சிரிப்புடி. சத்தம்தான் வரல."

"சும்மா சமாதானத்துக்குச் சொல்லாதீங்க."

தனிக்குடித்தனத்துக்கு வீடும் பார்த்தாகிவிட்டது. அக்காவுக்கோ ஒரே மகன். அந்தச் சிரிப்பை ஒரே ஒரு தடவை இவள் காதில் போட்டுவிட்டால் போதும் என்றுதான் தங்கச்சி பரணையெல்லாம் குடைந்து கேசட்டைத் தேடி எடுத்திருந்தாள். எல்லாம் பாழ்.

தொங்கிய முகத்தோடு வந்தவள், அணில் போன கதையை அக்காவிடம் சொன்னாள். அக்கா பென்டிரைவைப் பிடுங்கி டிவியில் சொருகினாள். மருமகளையும் கைப்பிடித்து உட்காரவைத்தாள். படமா அது, கண்றாவி. மருமகள் கொட்டாவியை விழுங்கினாள். ஒருவழியாக இடைவேளை என்று எழுத்து விழுந்ததும், அந்தக் காலத்துப் பழக்கத்தில் தங்கச்சி எழுந்தாள். இடைவேளையில் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். இரு, என்றது கை.

திரையில் அணில் ஓடி வந்தது!

படத்தின் நடுவிலும் அதை ஒட்டியிருந்தது லேபிள் ஒட்டியவளுக்குத் தெரியாதா? கடைக்காரர் முன்பக்கத்தை வெட்டியதோடு சரி, இந்தப் படத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான்? டொய்ங் டொய்ங் முடிந்தது. கலகலவென்று ஒரு பெண் சிரித்தாள்.

"யாரு சித்தி இது?"

 அக்கா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவள் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

மருமகள் அந்தத் தோள்களையே பார்த்தாள். "அப்போ அன்னைக்கு... உப்புக் காபிக்கு..."

அக்கா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"இன்னொரு தடவை போடுங்க சித்தி," என்றாள் மருமகள். இந்தத் தடவை அவள் டிவி பக்கமே திரும்பவில்லை. அத்தையைப் பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

மறுநாள் காலையில் மருமகள் கொண்டுவந்த காபியை அக்கா ஒரு வாய் குடித்தாள். உப்பு! வாசல்படியில் நின்று அவள் தோள்களையே பார்த்துக்கொண்டிருந்த மருமகள், அவை குலுங்க ஆரம்பித்ததும், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சிரித்தாள்.