எதிர்க்காற்று நாள்

அக்காவின் தலைமுடியிலிருந்து ஈக்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள் தங்கை. ஆஸ்பத்திரியில் உடம்பைத் துடைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். முடியை யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. சீப்பை இழுக்கும்போதெல்லாம் பல்லில் இரண்டு மூன்று வந்தன. வீட்டு ஈ இல்லை, தேனீயும் இல்லை. மஞ்சளும் கறுப்புமாக வரி போட்ட, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்ன ஈக்கள். காற்றோடு நாடு விட்டு நாடு போகிறவை. போன வாரம் எந்த ஊரில் இருந்தனவோ, இப்போது கூடத்தின் நடுவே பெட்டிக்குள் படுத்திருந்தவளின் முடியில் செத்துக் கிடந்தன.

"அவளுக்கு என்ன சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு இருக்க? விடு" என்றாள் அம்மா.

அம்மா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. திட்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா கேட்டாத்தானே. திமிரு. மலை மேல போயித் தனியா நிக்கிறாளாம். இவ வீரத்தை யாரு கேட்டா?"

"அம்மா, அவளா தனியாப் போகல. நான்தான் சொல்றேனே, அந்த ஆளு..."

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காத. சின்ன வயசுலேருந்து உனக்கு இதே பொழப்பு. அவ கண்ணாடிய உடைச்சா பூனை தட்டிவிட்டுடுச்சும்ப. இப்பவும் வந்துட்டா பூனைய இழுத்துக்கிட்டு."

நேற்றுக் காலை அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் போன் வந்தது. "இன்னைக்கு எதிர்க்காத்துடி. ஆளைத் தூக்குது. ஜீப் டிரைவரை வேற வேலைக்கு அனுப்பிட்டாங்க. அவர் இல்லாம ஏற முடியாதுன்னு பெரிய சார்கிட்ட கேட்டுப் பார்த்துட்டேன். சீசன் முடியுது, ஒரு நாள்தானேங்குறாரு. சரி, சாயங்காலம் பேசுறேன்." சாயங்காலம் பேசியது ஆஸ்பத்திரி, மலை முகட்டிலிருந்து விழுந்துவிட்டாள் என்று. இதை அம்மாவிடம் அழுது சொல்லியாயிற்று, கத்திச் சொல்லியாயிற்று. அம்மா காதில் ஏறவில்லை. பெற்ற மகளைத் திட்டிக்கொண்டே வழியனுப்பப் போகிறாள் இந்த அம்மா. அது நடக்கக் கூடாது. அந்த மனுஷன் வரட்டும், அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சீவினாள்.

பூச்சி ஆய்வு நிலையத்தில் அக்கா பார்த்த வேலை வீட்டில் எப்போதுமே கேலிதான். "வியாபாரம் இல்லாதவன் ஈ ஓட்டுவான், எம் பொண்ணு சம்பளம் வாங்கிக்கிட்டு ஈ எண்ணுறா" என்று அம்மா சொல்லாத ஆள் இல்லை. அக்காவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் யாராவது நிஜமாகவே கேட்டுவிட்டால் விட மாட்டாள், சாப்பாடு ஆறிப்போகும். பின்னாலிருந்து காற்று அடித்தால் ஈக்கள் அதிலே ஏறிக்கொண்டு உயரத்தில் போய்விடும், கண்ணுக்கே தெரியாது. எதிரிலிருந்து அடித்தால்தான் தாக்குப்பிடிக்க முடியாமல் புல்லுக்கு இறங்கி, மலை முகட்டில் இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக முழங்கால் உயரத்தில் ஆறு மாதிரி ஓடும். அன்றைக்குத்தான் எண்ண முடியும். அதாவது, புத்தியுள்ளவன் எல்லாம் மலையை விட்டு இறங்குகிற நாளில் இவர்கள் ஏற வேண்டும். எண்ணுகிறவள் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. கால் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் பின்னால் ஒருவர் அவள் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டே நிற்பார். ஆய்வு நிலையத்து ஜீப் டிரைவர்தான் அந்த ஒருவர். ஐம்பது வயது, நரைத்த மீசை. சதா அக்காவுக்குப் பின்னாலேயே நிற்பதால் அவருக்கு வால் என்று பெயர்.

சந்து முனையில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது. நிலையத்தின் தலைவர் முதலில் நுழைந்தார். ஊழியர்கள் பெரிய சார் என்பார்கள். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. அவருக்குப் பின்னால் இரண்டு ஊழியர்கள், கடைசியில் வால். வால் உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

பெரிய சார் பெட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு அம்மாவின் பக்கம் குனிந்தார்.

"அம்மா, என்ன சொல்றதுன்னே தெரியல. அங்க காத்து திடீர்னு எழும்பிடுச்சு. யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. ஆனா ஒண்ணு, புடிச்ச வேலையச் செய்யும்போதே போயிருக்காங்க. அந்தக் குடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"நீங்க சொல்லக் கூடாதா சார், தனியாப் போகாதன்னு?" என்றாள் அம்மா.

"அவங்க பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா அம்மா?"

"தெரியாம என்ன. அடங்காதவ."

தங்கை சீப்பைக் கீழே வைத்தாள். குடுப்பினையாம்! எழுந்தாள்.

"சார், காத்து திடீர்னா எழும்பிச்சு?"

"ஆமாம்மா. மலையில அப்படித்தான்."

"காத்து இல்லாத நாள்ல எங்கக்கா அங்க எதுக்கு சார் போறா? பிக்னிக்கா? எதிர்க்காத்து அடிச்சாத்தான் ஈ கீழ இறங்கும். அடிக்கும்னு தெரிஞ்சுதான் நேத்து போகச் சொன்னீங்க. காலையில எனக்குப் போன்லயே சொன்னா, ஆளைத் தூக்குதுன்னு."

பெரிய சார் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"நீங்க வருத்தத்துல இருக்கீங்க. இதைப் பேசுற இடமா இது?"

"வேற எந்த இடம் சார்? உங்க ரூமுக்கு வந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கேக்கணுமா? அவ வாரைப் புடிக்கிற ஆளு நேத்து எங்க?"

"நிலையத்துல ஆயிரம் வேலை இருக்கும்மா..."

"உங்களைக் கேட்டது போதும்." தங்கை வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நேத்து நீங்க எங்க இருந்தீங்க?"

வால் பெரிய சாரைப் பார்த்தார். பெரிய சார் அவரைப் பார்க்கவில்லை.

"ஏர்போர்ட்லம்மா. சாரோட விருந்தாளிங்க வந்தாங்க. அவங்களக் கூட்டிட்டு வரப் போயிருந்தேன்."

"அக்கா கேட்டாளா, நீங்க வேணும்னு?"

"கேட்டாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அவர் இல்லாம முடியாது சார், இன்னொரு நாள் ஏறுறேன்னாங்க. சார் ஒத்துக்கல." நிலைப்படியை விட்டு ஓர் அடி உள்ளே வந்தார். "டாக்ஸி வச்சிருக்கலாம்மா. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸிக்கா பஞ்சம்?"

"போதும்யா" என்றார் பெரிய சார்.

"எது சார் போதும்?" தங்கை கத்தினாள். "பிடிவாதக்காரின்னு எங்கம்மா முன்னாலயே சொல்றீங்களே, நாக்கு கூசல?"

அம்மா கையை உயர்த்தினாள். தங்கை நிறுத்தினாள். அம்மா பெரிய சாரைப் பார்க்கவே இல்லை. வாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டாளா?"

"கேட்டாங்கம்மா."

"அவளா?" அம்மா பெட்டியின் பக்கம் திரும்பினாள். "யாருகிட்டயும் எதையும் கேக்க மாட்டாளே அவ. காய்ச்சல்ல கெடந்தாக்கூடத் தண்ணி கேக்க மாட்டாளே."

அம்மா எழுந்து போய்ப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மகளின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். ஒதுக்கின கையை எடுக்கவில்லை.

வேன் சந்துக்குள் நுழையாது, முனை வரைக்கும் தூக்கித்தான் வர வேண்டும் என்று வேன்காரர் வந்து சொன்னார். மூடியைப் பொருத்தினார்கள். இரண்டு ஊழியர்கள் முன்பக்கம் போனார்கள். வால் பின்பக்கம் ஒரு மூலைக்கு வந்தார். மீதி மூலைக்குப் பெரிய சார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க தொட வேண்டாம்" என்றாள் அம்மா.

"அம்மா, ஒரு ஆள் குறையுது..."

"நேத்தும்தான் குறைஞ்சுது."

பெரிய சாரின் கை பாதியில் நின்றது. அம்மா தங்கையைப் பார்த்துத் தலையை அசைத்தாள். தங்கை போய் அந்த மூலையில் குனிந்தாள். நான்கு பேரும் ஒரே மூச்சில் தூக்கித் தோளில் வைத்தார்கள். மற்ற மூவரைவிட அவள் ஒரு தலை குள்ளம். பெட்டி அவள் பக்கமாகச் சரிந்தது. அவள் நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை.

வால்தான் முதலில் முழங்காலை மடக்கினார். முன்னால் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்துவிட்டு மடக்கினார்கள். பெட்டி நேரானது. பெரிய சார் வழிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க, மூன்று ஆண்களும் அவள் உயரத்துக்குக் குனிந்தபடியே சந்து முனை வரைக்கும் நடந்தார்கள்.